கேனுக்குள் இருப்பது யாருடைய தண்ணீர்?

கேள்வி: தெருவில் எல்லோரும் 40 ரூபாய்க்கு வாங்கும் 20 லிட்டர் கேனை நான் 25 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கேனில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இரண்டே நாளில் அடியில் பச்சை படிந்துவிட்டது. யார்மீது புகார் கொடுப்பது?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெயரில்லாத கேனை வாங்கிவிட்டு, பாசி படிந்த பிறகு முகவரி தேடுகிறீர்கள். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தொகுதி எண், அடைத்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை கேனில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டதால், இந்த உரிம எண்ணைப் பார்ப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. கொண்டுவந்து போட்டவரின் கைபேசி எண்ணையாவது மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுங்கள்.

கேள்வி: பேருந்து நிலையக் கடையில் 20 ரூபாய் பாட்டிலுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். கேட்டதற்கு, "கூலிங் சார்ஜ்" என்று சொல்லி எல்லோர் முன்னிலையிலும் ஏளனம் செய்தார்கள்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: நீங்கள் கேட்டதில் தவறே இல்லை, அம்மா. அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. குளிரூட்டியதற்கெனத் தனிக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கும் எழுதுங்கள். உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் விலக்களித்தது. பேருந்து நிலையக் கடை அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: பச்சை மூடி, இலைப் படம், "எடுத்த நீரை மண்ணுக்கே திருப்பித் தருகிறோம்" என்ற வாசகம். இத்தகைய பாட்டிலை நம்பி வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இலையை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எந்த ஊர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள், அந்தக் குழாயில் மீட்டர் இருக்கிறதா, நிலத்தடி நீர் எடுக்க அனுமதி பெற்றிருக்கிறார்களா என்பவற்றை அச்சிட்ட பாட்டிலை நான் இதுவரை கண்டதில்லை. திருப்பித் தருவதாகச் சொன்னால், எதைத் தருகிறார்கள் என்று கேளுங்கள். கூரையில் விழும் மழைநீரை வடிகட்டி நிலத்துக்குள் இறக்குவது வேறு. உப்பை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் செறிந்த கழிவுநீரையும் கேன் கழுவிய நீரையும் குழியில் விட்டுவிட்டு அதற்கு நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் என்று பெயர் வைப்பது வேறு. பின்னது, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் உப்பாக்கும் வேலை. மழைநீரையே இறக்கினாலும், உறிஞ்சிய ஊரில் இறக்காமல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஏரி தூர்வாரிப் படம் எடுத்துக்கொண்டால், கிணறு வற்றியவருக்கு அதனால் என்ன பயன்? பாலக்காட்டுப் பிளாச்சிமடாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்பான ஆலையால் தங்கள் கிணற்று நீர் குறைந்து கெட்டது என்று மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் போராடினார்கள். 2004-இல் ஆலை நின்றது. இங்கே 2020-இல் அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளைச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மூடியபோது, கேன் கிடைக்கவில்லை என்று புலம்பினோமே தவிர, அத்தனை நாள் யாருடைய கிணற்றைக் குடித்தோம் என்று கேட்கவில்லை.

கேள்வி: உதகை சோதனைச் சாவடியில் என் தண்ணீர் பாட்டில்களைப் பறித்துக்கொண்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிடைக்காது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. எஃகுக் குடுவை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கேனை நிறுத்திவிட்டு, நீரிலுள்ள உப்பை வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாம் என்றிருக்கிறோம். வந்த விற்பனையாளர் எங்கள் குழாய் நீரில் ஒரு கருவியை வைத்ததும் அது பழுப்பாகிவிட்டது. அவ்வளவு அழுக்கா?
– வாசகி, மதுரை

பதில்: பழுப்பாவது அழுக்கு அல்ல, அந்தக் கருவியின் இரும்பு முனை கரைந்து உண்டாகும் துரு. உப்பு இருக்கும் நீரில் மின்சாரம் பாய்வதால் துரு உண்டாகிறது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பெடுத்த நீரில் மின்சாரம் அதிகம் பாயாததால் அது தெளிவாகவே நிற்கிறது. இதே வித்தைக்கு மயங்கி நானும் ஓர் இயந்திரம் வாங்கினேன். அளந்து பார்த்தபோது என் குழாய் நீரில் கரைந்திருந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும் குறைவு. அந்த நீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. முதலில் நீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். என் இயந்திரம் ஒரு லிட்டர் தர, ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதை வீணாக்க மனமின்றிக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றி வந்தேன். கன்று கருகிய பிறகு, வாளியில் பிடித்துத் தரை கழுவுகிறோம்.