சோபா போட்ட பந்தல்

அன்புள்ள அக்கா,

விளையாட்டரங்குகள் எல்லாம் ஆடம்பர விடுதிகளாக மாறிவருகின்றன என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு உடன்பாடில்லை. போன கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பாவை இங்கே ரொஜர்ஸ் சென்டருக்கு பேஸ்போல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். மழை வரும்போல் இருந்ததும் கூரையை மூடிவிட்டார்கள். முழங்கால் வருத்தக்காரர், மூன்று மணித்தியாலம் சுகமாக இருந்து பார்த்தார். திருகோணமலையில் மதிலில் ஏறியிருந்து உதைபந்தாட்டம் பார்த்த மனிதர் அவர். இந்த வசதி அவருக்குக் கிடைத்தது பிழையா?

பழைய மாணவர்கள் சேர்ந்து, ஊரில் நாங்கள் படித்த பாடசாலை மைதானத்தில் ஒரு பவிலியன், அதாவது பார்வையாளர் இருந்து பார்க்கும் மண்டபம், கட்டக் காசு சேர்க்கிறோம். மேல்மாடியில் கண்ணாடி போட்டு ஏசி பூட்டிய விருந்தினர் அறையும் வரைபடத்தில் உண்டு. எங்கள் சனமும் வசதியாக இருக்கட்டுமே.

வாசகர், டொரன்டோ

அன்புள்ள தம்பி,

அப்பா சுகமாக இருந்து பார்த்ததில் எனக்கும் சந்தோஷம். அதில் ஒரு பிழையும் இல்லை. வசதியே கூடாது என்று நான் சொன்னதாகத் தோன்றியிருந்தால், அது நான் எழுதிய விதத்தின் குறை.

நீங்கள் போன அரங்கு 1989இல் ஸ்கைடோம் என்ற பெயரில் திறந்தது. அதற்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதன் 70 அறைகள் மைதானத்தைப் பார்த்தபடி. கட்டிலில் படுத்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். இந்த ஆசையின் வேரைத் தேடினால் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965இல் திறந்த அஸ்ட்ரோடோம் என்ற அரங்குக்குப் போகவேண்டும். ஹூஸ்டனின் வெக்கையும் நுளம்பும் எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. அதற்காக மைதானம் முழுவதையும் கூரையால் மூடிக் குளிரூட்டினார்கள். பிறகு ஒரு வேலை செய்தார்கள். ஆக உச்சியில், கூரைக்குக் கீழே, ஆட்டக்காரர் எறும்பளவில் தெரியும் இடத்தில், தனி அறைகளைக் கட்டி ஆகக் கூடிய விலைக்கு விற்றார்கள்.

கி.பி. 80இல் திறந்த ரோமின் கொலோசியத்தில் அந்த உச்சி ஏழைகளுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய இடம். செனட்டர்கள் களத்தை ஒட்டிக் கீழே இருந்தார்கள். ரோமின் பெரிய மனிதர் ஆட்டத்துக்குக் கிட்ட இருக்க விரும்பினார். ஹூஸ்டனில் விலைபோனது மற்றச் சனத்திடமிருந்து தள்ளி இருப்பது. (கொலோசியத்தில் நடந்தது கொலை, அதை மறக்கவில்லை. ஆனாலும் மாலுமிகளைக் கொண்டு மேலே கப்பற்பாய் போன்ற துணி விரித்து, காசு வாங்காமல் உள்ளே விட்ட கூட்டத்துக்கு நிழல் கொடுத்தார்கள். துறைமுகத்து ஊர்க்காரியான எனக்கு அந்தப் பாய்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.)

அஸ்ட்ரோடோமின் புல்லுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். வெயில் உள்ளே வரட்டும் என்று கூரையில் ஒளி புகும் தகடுகள் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைத்ததில் உயர வந்த பந்து ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் இல்லாமல் புல் செத்துப்போனது. அடுத்த வருடம், 1966இல், செயற்கைப் புல் விரித்தார்கள். பார்க்க வந்தவருடைய சுகத்துக்காகப் போட்ட கூரை, கடைசியில் ஆடுகிறவன் காலடி நிலத்தையே மாற்றிவிட்டது.

இன்று 1,32,000 பேர் கொள்ளும் அகமதாபாத் அரங்கிலும் 76 கார்ப்பரேட் அறைகள். பிரேசிலில் ரியோவின் மரக்கானா உதைபந்தாட்ட அரங்கிலோ 'ஜெரால்' என்று ஒரு பகுதி இருந்தது. நின்றுதான் பார்க்கவேண்டும், மழை வந்தால் நனையவேண்டும், ஆனால் கூலிக்காரனும் டிக்கெட் வாங்கக்கூடிய விலை. 2005இல் அதை மூடிவிட்டார்கள். உங்கள் அப்பா ரியோவில் பிறந்திருந்தால் அங்கேதான் நின்றிருப்பார்.

இனி ஊருக்கு வருவோம். பாடசாலைப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசி, பங்குனி வெயில். ஒரு பக்கம் பந்தல். அதற்குள் பிரதம விருந்தினருக்கு சோபா, முன்னால் சின்ன மேசையில் குளிர்பானம். அவருக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். எதிர்ப்பக்கம் தாய்மார் குடை பிடித்தபடி வெறுந்தரையில். அணிநடை முடிந்து பிள்ளைகள் வரிசையாக நிற்க, பேச்சு நீண்டுகொண்டே போகும். நான் படித்த பாடசாலையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளை அப்படியே மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்த நிழல் இருந்த ஒரே இடம் அந்தப் பந்தல். அங்கே கிடத்தாமல் வகுப்பறைவரை தூக்கிக்கொண்டு போனார்கள். ஹூஸ்டன்காரன் கட்டிய அறை எங்களிடம் எப்போதோ வந்துவிட்டது தம்பி, துணியிலும் தடியிலும்.

இன்னொன்று. போட்டி நாளில் நாங்கள் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டோம். மலசலகூடத்துக்குப் போக வழியில்லை. நூறு மீற்றர் ஓடிவிட்டு வந்தும் குடிக்கமாட்டோம். இதை உங்களோடு படித்த அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்கள் பவிலியனுக்கு நான் எதிர்ப்பு இல்லை. அந்த ஏசி அறைக்குத்தான் எதிர்ப்பு. வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவுக்கு உதவும் என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். ஆனால் பாடசாலை மைதானத்தில் அதை வருடத்தில் எத்தனை நாள் திறப்பீர்கள்? 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில் 35,000 பேருக்குக் கட்டிய அரங்கே அனேக நாள் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்தக் காசில் முதலில் பெண்பிள்ளைகளுக்கு தண்ணீர் வசதியோடு மலசலகூடம் கட்டுங்கள், உடை மாற்ற ஒரு அறையும் சேர்த்து. அடுத்தது கூரை. அதை மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் போடுங்கள். போட்டிகள் பின்னேரம்தான் சூடுபிடிக்கும். அப்போது சூரியன் பார்க்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண் கூசாது. உயரம் குறைவாக, நீளமாக, ஒரே கூரை. கீழே சீமெந்துப் படிகள், முழங்கால் வருத்தக்காரருக்கு முன்வரிசையில் சாய்மானம் வைத்த வாங்குகள். பிரதம விருந்தினரும் அதே வாங்கில் தாய்மாரோடு இருக்கட்டும். மேற்குப் பக்கத்தில் வேம்போ வாகையோ நின்றால் வெட்டவேண்டாம், கூரையை அதற்கு ஏற்றமாதிரி வளைக்கலாம்.

வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள். திசையைக் குறித்து அனுப்புங்கள். ஒரு பின்னேரம் மூன்று மணிக்குப் போய், நிழல் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா