தூணுக்குப் பின்னால் ஒதுங்கும் சகோதரி

கேள்வி: எங்கள் தேவாலயத்துக்கு வரும் மலேசியச் சகோதரி ஒருவர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். யாராவது படம் எடுக்கக் கைத்தொலைபேசியைத் தூக்கினால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறார். சாட்சி சொல்லக் கேட்டபோது அழுதுவிட்டார். அந்நாட்டில் மதச் சுதந்திரம் இருக்கும்போது ஏன் இத்தனை பயம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தப் பயத்தை விசுவாசக் குறைவென்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மதச் சுதந்திரம் தருவது உண்மையே. ஆனால், 1998இல் ஞானஸ்நானம் பெற்ற லீனா ஜோய் என்ற பெண்மணி, தம் அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற ஒரு சொல்லை நீக்கக் கேட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியும், இஸ்லாத்தை விட்டு விலகியதற்கு ஷரீஆ (இஸ்லாமியச் சட்ட) நீதிமன்றத்தின் சான்று வேண்டும் என்று கூறி, 2007 மே 30 அன்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவரது முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சில மாநிலங்களிலோ இஸ்லாத்தை விட்டு விலக முயல்வதே தண்டனைக்குரியது.

அட்டையில் உள்ள அந்தச் சொல் வாழ்க்கை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. முஸ்லிம்களுக்குச் சிவில் திருமணச் சட்டம் பொருந்தாததால், லீனா ஜோயால் தாம் விரும்பிய கிறிஸ்தவரைச் சட்டப்படி மணக்க இயலவில்லை. பிள்ளைகளின் மதம், சொத்துரிமை, இறந்தபின் எந்த மையவாடியில் அடக்கம் என்பது வரை சிக்கல் நீளும்.

ஆனாலும், சட்டத்தைவிட வீடுதான் அதிகம் வலிக்கும் என்பது என் எண்ணம். பெருநாள் அன்று தாயின் கையால் உண்ண முடியாமற்போகும் ஒருவருக்கு எந்தத் தீர்ப்பும் ஆறுதலாகாது. அந்தத் தாயும் பிள்ளையை இழந்த துயரத்தில்தான் இருப்பார். ஆகவே அவரைப் பகைவராகப் பேசுவது இந்தச் சகோதரியை இன்னும் புண்படுத்தும். "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற குர்ஆன் வசனத்தை (2:256) முன்வைத்து, மதமாற்றத்துக்குத் தண்டனை கூடாதென வாதிடும் முஸ்லிம் அறிஞர்களும் உள்ளனர்.

நமது இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமையை எவருக்கும் உறுதிசெய்கிறது. ஆனால் கொழும்பில் முகநூலில் ஏறும் படம் அன்றிரவே கோலாலம்பூரில் அவருடைய வீட்டை எட்டிவிடும். எனவே ஆராதனையைப் படம்பிடிப்பவரிடம் பின்வரிசைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சாட்சி கேட்காதீர்கள். ஞாயிறு மதியம் அவரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்.