47-உம் 18 சதவீதமும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் மேலாளர் நிரலை அளக்கும் கருவி ஒன்றை நிறுவினார். நான் பராமரிக்கும் பில் போடும் ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) சிக்கல் அளவு 47 என்றும், மொத்த நிரலில் 18 சதவீதம் நகல் என்றும் அது சிவப்பில் காட்டுகிறது. ஜூலைக்குள் 47-ஐ 10-க்குள்ளும், 18-ஐ 3-க்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. ஃபங்ஷனைத் துண்டு துண்டாக வெட்டினால் எண் இறங்கிவிடும். ஆனால் அது ஏமாற்று வேலை என்று படுகிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குப் பட்டது சரி. பகுதி1, பகுதி2, பகுதி2அ என்று வெட்டிப்போட்டால் கருவி பச்சை காட்டும். படிக்கிறவர்தான் ஐந்து கோப்புகளுக்கும் அலைய வேண்டும்.

அந்த 10, நிரலின் சிக்கலை எண்ணால் அளக்க தாமஸ் மெக்கேப் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. கணக்கு எளிது. ஃபங்ஷனுக்குள் எத்தனை இடத்தில் வழி பிரிகிறது என்று எண்ணி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மூன்று ‘இஃப்’ (நிபந்தனை), ஒரு ‘ஃபார்’ (திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) இருந்தால் 5. ஒன்றையொன்று சாராத வழிகள் அத்தனை. அவற்றில் நடந்து பார்க்க அத்தனை சோதனைகளாவது வேண்டும். 10 என்பது மந்திர எண் அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே நான் உங்களிடம் கேட்பது, 47 வழிகளுக்கும் சோதனை இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் கவலைப்பட வேண்டியது அதற்கு.

இந்த அளவுகோலுக்கு ஒரு குருட்டுத்தனமும் உண்டு. 12 மாதங்களுக்கும் பெயர் சொல்லும் ‘ஸ்விட்ச்’ (மதிப்புக்கு ஒரு கிளையாகப் பிரிவது) 12-ஐத் தாண்டும், குழந்தைகூடப் படித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு அடுக்கு ‘இஃப்’ வெறும் 5, தலை சுற்றும். இதனால்தான் நிரலை அளக்கும் சோனார் கருவியைத் தயாரிக்கும் சோனார்சோர்ஸ் நிறுவனம் அடுக்கு ஆழத்துக்குத் தண்டனை போடும் வேறொரு அளவைப் பின்னால் கொண்டுவந்தது. நிபந்தனைக்குப் பொருந்தாதவற்றை ஃபங்ஷனின் வாசலிலேயே ‘ரிட்டர்ன்’ செய்து அனுப்பிவிடுங்கள். மெக்கேப் எண் அசையாது, சோனார்சோர்ஸ் எண் இறங்கும், படிப்பவருக்கும் மூச்சு வரும்.

நகல் விஷயம் வேறு. அதில் நான் இரண்டு முறை அடிபட்டவன்.

இராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டிக்கு பில் போடும் நிரல் எழுதியிருந்தேன். மாம்பழப் பருவம் வந்ததும் அவர்களே மாங்கூழ் ஆலைக்கு லோடு அனுப்பத் தொடங்கினார்கள். தக்காளி ஃபங்ஷனை நகலெடுத்து மாங்காய்க்குப் பெயர் மாற்றினேன். ஏறத்தாழ எல்லா வரிகளும் ஒன்று. நகலா, நானா என்று ரோஷம் வந்து இரண்டையும் ஒன்றாக்கி, ‘மாங்காயா?’ என்று ஒரு கொடி (ஆம்/இல்லை என்று வழி பிரிக்கும் குறி) வைத்தேன். தக்காளிக்குக் கழிவு கூடைக்கு இத்தனை கிலோ. மாங்காய்க்கோ எடைமேடைச் சீட்டு வந்து, ஆலையில் தரம் பிரித்த பிறகுதான் கழிவு தெரியும். முன்பணமும் பிடிக்க வேண்டும். மூன்றாம் பருவத்தில் பதினொரு கொடிகள். தக்காளிக்காக ஒரு வரியைத் தொட்டால் பெங்களூரா மாங்காயின் கணக்கு தவறியது. கடைசியில் வெட்கத்தை விட்டு இரண்டாகப் பிரித்தேன். நாற்பது வரி நகல் கூடியது, நிம்மதியாகத் தூங்கினேன். அன்று ஒத்திருந்தவை வரிகள் மட்டுமே; தொழில் இரண்டு.

அடுத்தது நேர் எதிர். மண்டியின் கமிஷன் 10 சதவீதம். விவசாயிக்குத் தரும் சீட்டில் 0.1-ஆல் பெருக்கியிருந்தேன். தினசரி அறிக்கையில் 10-ஆல் வகுத்திருந்தேன். பேரேட்டில், விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையாக நேரே 0.9-ஆல் பெருக்கியிருந்தேன். எந்தக் கருவியும் இதை நகல் என்று சொல்லாது. அவை ஒரே மாதிரியான சொற்கோவைகளைத் தேடுபவை. கமிஷன் 8 ஆனபோது முதல் இரண்டையும் மாற்றினேன். பாலக்கோடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் சீட்டையும் பேரேட்டு நகலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 14,000 ரூபாய் சரக்கு. ஒன்றில் 12,880, இன்னொன்றில் 12,600. விரலை 280 ரூபாய் வித்தியாசத்தில் வைத்து எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். நிரலாளர்களான ஆண்ட்ரூ ஹண்ட்டும் டேவிட் தாமஸும் தங்கள் புத்தகத்தில் 1999-இல் திரும்பச் சொல்லாதே என்று விதி வகுத்தபோது வரிகளைச் சொல்லவில்லை, அறிவைச் சொன்னார்கள் என்பது அந்த விரலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே 18 சதவீதப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளை ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீர வேண்டுமா? ஆம் என்றால் சேர்த்துவிடுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தெரியவில்லை என்றால் மூன்றாவது நகல் வரும்வரை காத்திருக்கலாம்.

47-க்கு வருவோம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’டின் வரலாற்றில் ஓராண்டில் எந்தக் கோப்பு எத்தனை முறை மாறியது என்று எடுத்துச் சிக்கல் எண்ணின் பக்கத்தில் வையுங்கள். சிக்கலாக இருந்தும் யாரும் தொடாத கோப்பு உறங்கட்டும். உங்கள் பில் ஃபங்ஷன் இரண்டிலும் மேலே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வெட்டுவதற்கு முன், போன ஆண்டின் பழைய பில்கள் சில நூறை உள்ளீடாகக் கொடுத்து, வரும் தொகைகளைச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே தொகை வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, சரக்கு வாரியாக நீளும் ‘இஃப்’ வரிசையை ஒரு அட்டவணையாக்குங்கள். எண் தானே இறங்கும்.

மேலாளரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய 3 சதவீதம் அநேகமாக சோனாரின் இயல்பு வரம்பிலிருந்து வந்தது. அது புதிதாக எழுதும் நிரலுக்கானது. பழைய நிரல் முழுவதும் ஜூலைக்குள் அதற்குள் அடங்க வேண்டும் என்று கருவியே கேட்கவில்லை.