சேராத இடம் எப்படி விடையாகும்?

கேள்வி: மகன் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறான். எல்லை என்ற அலகுக்கு, "கிட்டக் கிட்டப் போகும், ஆனால் சேராது" என்று கொப்பியில் எழுதியிருக்கிறான். சேராத இடத்தை எப்படி விடை என்று எழுதுவது எனக் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: சகோதரி, மகன் கேட்டது சரி. கொப்பியில் உள்ள வசனம்தான் பிழை. சேர்வதும் சேராததும் எல்லைக்குப் பொருட்டில்லை. எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் கொடுக்க முடியுமா என்பதே பேச்சு.

என் பேத்திக்கு இதை விறாந்தையில் இருந்தபடி கூகுள் வரைபடத்தில்தான் விளங்கப்படுத்தினேன். நல்லூர்க் கோயிலைத் திரையின் நடுவில் வைத்தோம். திரையின் அகலம் தரையில் 20 கிலோமீற்றர். ஒரு படி பெரிதாக்கினால் 10, பிறகு 5, பிறகு 2.5. "100 மீற்றருக்குள் கொண்டுவா" என்றேன். 8 படி என்றாள். "20 மீற்றருக்குள்?" 10 படி. நான் சொன்ன ஒவ்வொரு தூரத்துக்கும் அவளிடம் ஒரு படி இருந்தது. அகலம் ஒருபோதும் பூச்சியமாகவில்லை. ஆனாலும் அதன் எல்லை பூச்சியம். கைபேசி ஓரிடத்தில் பெரிதாக்க மறுத்துவிடும். அதன் பின் கொப்பியில் பாதி பாதியாக்கிக்கொண்டே போகலாம்.

இனி எண்ணுக்கு வாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தில் 4 ஐக் கழியுங்கள். அதை, அதே எண்ணில் 2 ஐக் கழித்து வருவதால் வகுங்கள். 2 ஐப் போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம், விடையே இல்லை. 1.99 போட்டால் 3.99. 2.01 போட்டால் 4.01. அந்த ஒரு புள்ளியை வரைபடக் குறி மறைத்திருந்தாலும், இரு பக்கத்து வீதியும் 4 ஐத்தான் காட்டுகின்றன.

இரு பக்கமும் ஒத்துப்போகாத இடத்தையும் மகன் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கு ஒரு வீதி. பண்ணைப் பாலத்தால் வேலணை கடந்து ஊர்காவற்றுறைக்கு இன்னொன்று. சிறிய வரைபடத்தில் இரண்டும் ஒட்டியே தெரியும். பெரிதாக்கினால் நடுவில் கடல்! இந்தப் பக்கமாக வந்தால் காரைநகர்த் துறை, அந்தப் பக்கமாக வந்தால் ஊர்காவற்றுறைத் துறை. எத்தனை படி பெரிதாக்கினாலும் இடைவெளி மூடாது.

"அப்படியென்றால் இங்கே எல்லை இல்லை, அப்பப்பா. கடலைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறித்தான் போகவேண்டும்" என்றாள் பேத்தி.