ரைஃபிளைத் தூக்கியதும் பாயும் லர்ச்சர்

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பண்ணையில் ஏர் ரைஃபிளைத் தூக்கியதுமே உங்கள் லர்ச்சர் வேட்டைநாய் முயலை நோக்கிப் பாய்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாய் உட்காரப் பழகும்வரை ரைஃபிளையும் நாயையும் சேர்த்துக் கொண்டுபோகவே வேண்டாம். குறுக்கே ஓடும் நாயின் மேல் குண்டு பட ஒரு நொடி போதும்.

லர்ச்சர் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோட்டத்தில் உட்காரவைத்து, முயல் தோல் சுற்றிய பொம்மையை எறியுங்கள். பெரும்பாலும் நீங்களே போய் எடுங்கள், எப்போதாவது மட்டும் பெயர் சொல்லி அனுப்புங்கள். விழுவதெல்லாம் தனக்கில்லை என்பது அப்படித்தான் பதியும். அப்புறம் நீளக் கயிற்றில் கட்டி, ரைஃபிள் சத்தத்துக்குப் பழக்குங்கள்.

இங்கிலாந்தில் உரிமம் தேவைப்படாத, குண்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டாத ஏர் ரைஃபிளென்றால் 30 கஜத்துக்குள், அசையாத முயலின் தலையில் மட்டும் சுடுங்கள். உடம்பில் பட்டால் வளைக்குள் போய்த் துடித்துச் சாகும், பாவம். ஓடும் முயல் நாய்க்குரியது.

நாயை வைத்து வேட்டையாடுவதைத் தடுக்கும் 2004 வேட்டைச் சட்டம், நில உரிமையாளர் அனுமதியோடு முயல் பிடிக்க மட்டும் விலக்கு தருகிறது. ஆனால் ஹேர் எனும் பெரிய முயலுக்கு அந்த விலக்கு இல்லை. அந்த வயலில் ஹேர் இருந்தால் லர்ச்சரை அவிழ்க்காதீர்கள்.