ஆல்ட்டோவா, பழைய ஸ்விஃப்ட்டா?

பட்ஜெட் 5 லட்சம், வேளச்சேரியிலிருந்து தரமணிக்குத் தினசரி ஓட்டம். புது ஆல்ட்டோ கே10-ஆ, 2018 ஸ்விஃப்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பணமும் கையில் இருந்தால் என் ஓட்டு ஸ்விஃப்ட்டுக்கு. கடன் போடுவதென்றால் ஆல்ட்டோ. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல்.

ஆனால் அந்தப் பழைய வண்டி 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கே நின்றது என்று முதலில் விசாரியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டி வெளியே பளபளவென்று இருந்தது; பெல்ட்டின் கடைசி ஒரு அடி மட்டும் செம்மண் நிறம். பேசாமல் திரும்பிவிட்டேன். டிக்கி பாயைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை பேசும்போது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. புதுசே இறங்கியபின் பழசுக்குப் பழைய கணக்கில் விலை சொன்னால் அடித்துப் பேசலாம், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், ஆர்சி புத்தகத்தில் வங்கிப் பெயர் இருந்தால் என்ஓசி (கடன் தீர்ந்தது, ஆட்சேபம் இல்லை என்று வங்கி தரும் கடிதம்) கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்கு அவருக்குக் கிடைத்த இன்சூரன்ஸ் தள்ளுபடி, உங்களுக்கு வராது. இன்சூரன்ஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.