வெள்ளிவிழாவுக்கு அந்தமான்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

வரும் தை மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். அந்தமான் போவதாக முடிவு. ஏஜென்ட் கொடுத்த திட்டம் 5 இரவு, 6 பகல்: செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், நீல். வீட்டம்மா அதைப் படித்துவிட்டு, "இதுக்கு நான் வீட்டிலேயே இருந்து சமைச்சுடுவேன்" என்கிறார். அவருக்கு வேண்டியது ஓய்வு. எதை விடலாம்? பஸ் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். படகு ஒத்துக்கொள்ளுமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

இருவருக்கும் வாழ்த்துகள். அந்தத் தாளைப் பற்றி உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி.

முதலில் பாராடாங்கை அடித்துவிடுங்கள். அதற்கு விடிவதற்கு வெகு நேரம் முன்பே கிளம்பி, ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளோடு வண்டியாக வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். அது ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகிற சாலை. காப்பகத்துக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. கல்யாண நாளுக்கு அடுத்தவர் வீட்டு நடுவே போவானேன்? நார்த் பே, ராஸ், நீல் மூன்றையும்கூட விட்டுவிடலாம். நீல் அழகான தீவு, ஆனால் இன்னொரு முறை பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டும்.

நான்கு இரவும் ஹேவ்லாக்கிலேயே இருங்கள். அரசு 2018-ல் அதற்கு சுவராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டது, டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும். விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், விஜய்நகர் பக்கம். அறை எடுக்கும்போது யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அந்தப் பக்கம் கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பவளப் பாறைகள் வெளியே தெரியும். குளிக்க முடியாது, காலைக் கிழிக்கும். நேரம் கடந்தால் கடல் தானே திரும்பி வரும். வற்றும் நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். விடுதியில் கேட்டுக்கொண்டு, குளியலையும் தூக்கத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக்கு மேற்கே ராதாநகர். 'டைம்' பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம். தீவு நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதே. தையில் ஐந்தரைக்குள் சூரியன் விழுந்து, ஆறு மணிக்கு இருட்டிவிடும். தாளில் 'மாலை 5 மணி, ராதாநகர்' என்று போட்டிருந்தால் ஏஜென்ட் அங்கே போனதே இல்லை என்று அர்த்தம். மூன்று மணிக்கே போய், மரநிழலில் துண்டை விரித்து உட்காருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், சும்மா கிடந்த சிப்பி சங்கெல்லாம் நடக்க ஆரம்பிக்கும். எல்லாம் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள். கால் அசைந்தால் அப்படியே உறைந்துவிடும். இதையே ஒரு மணி நேரம் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது.

குளிக்க ஆசைப்பட்டால் வலை கட்டிய பகுதிக்குள் மட்டும். 2010-ல் பக்கத்திலுள்ள நீல்ஸ் கோவ் பகுதியில் உப்புநீர் முதலை தாக்கி ஓர் அமெரிக்கப் பெண் இறந்தார். பயமுறுத்தச் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையைப் படியுங்கள் என்கிறேன். அப்புறம், போன ஆட்டோவையே திரும்பவும் பேசிவையுங்கள். இருட்டியபின் வண்டி தேடி நிற்பது எரிச்சல்.

ஐந்தாம் இரவு போர்ட் பிளேரில் (2024-ல் இதன் பெயரையும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள்). விமான நாளன்று தீவிலிருந்து வரும்படி வைக்கவே கூடாது, கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் நாள் மதியம் செல்லுலார் சிறைக்குப் போய்வாருங்கள். 1906-ல் கட்டி முடித்தபோது சிறகு போல நீண்ட ஏழு கட்டடங்கள், இப்போது மூன்றுதான் நிற்கின்றன. கல்யாண நாளுக்கு ஏற்ற இடம் இல்லைதான், ஆனாலும் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வரக்கூடாது.

படகு ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். தையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை கேளுங்கள், ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட ஆரம்பித்தபின் போட்டால் பிரயோசனமில்லை.